இருபத்தொன்பது ஆண்களும் ஒரு ஸ்டவ்வும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாயில்பட்டி வடக்குத் தெரு வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் தாய்மாமன் சங்கிலிமுத்து. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தார். அதிக நேரம் இருக்கப்போவதில்லை என்று அர்த்தம். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா மாரிக்கண்ணன், வலது கையை வழக்கம்போலத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு. அடுப்படி நிலைப்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, அம்மா வள்ளித்தாய். தரையில் விரித்த பாயில், மடியில் லேப்டாப்போடு, விருதுநகரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த தோழி பர்வீன்.

மாரிசெல்விக்கு உட்கார இடம் இருந்தது. அவள்தான் உட்காரவில்லை. டிவி ஸ்டாண்டில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதால் இரண்டு நாளாகச் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வேலை கிடையாது. இல்லாவிட்டால் சனிக்கிழமைப் பகலில் இந்த வீட்டில் இத்தனை பேரைச் சேர்த்துப் பார்ப்பது நடக்காத காரியம்.

நர்சிங் முடித்து இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மாரிசெல்வி, பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்க மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டதும், மூன்றும் அவளைக் கூப்பிட்டதும் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுச் செல்லக்கனி சித்தி, "ஊசி போடாத, மருந்து குடுக்காத டாக்டர் படிப்பு என்னத்துக்கு?" என்று கேட்க, "ஒரு ஆளுக்கு ஏன் சீக்கு வந்துச்சுன்னு பாக்கிறது டாக்டர் படிப்பு சித்தி. ஊருக்கே ஏன் வந்துச்சுன்னு பாக்கிறது இந்தப் படிப்பு" என்று இவள் பதில் சொன்னதும் தெரியும்.

தெருவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அது வியாழக்கிழமை வந்தது.

அதற்கு முந்தைய நாள்வரை மாரிசெல்வியின் நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். குறுக்கே மூன்று ஊர்: கோயமுத்தூர், சென்னை, திருவனந்தபுரம். நெடுக்கே பாடம், ஆசிரியர்கள், கள ஆய்வு, விடுதி, படித்தபின் வேலை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி நிர்வாகம், வேலை நிச்சயம். சென்னையில் தொற்றுநோயும் புள்ளிவிவரமும். பெயர் பெரியது, பர்வீனுக்கும் அங்கேதான் சீட். திருவனந்தபுரத்தில் தொழிலாளர் உடல்நலம். இரண்டாம் வருஷம் ஆறு மாதம் சொந்த ஊரிலேயே ஆய்வு. கூட்டிப் பார்த்ததில் சென்னை ஒரு மதிப்பெண் முந்தி நின்றது.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்துப் பேராசிரியையிடமிருந்து மெயில் வந்தது. கட்டம் போட்ட பக்கம் அதோடு ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று.

"எளுதுனது என்னன்னு எனக்கும் ஒருக்காப் படிச்சுச் சொல்லு, பாப்பா" என்றார் சங்கிலிமுத்து, பர்வீனைப் பார்த்து.

பர்வீன் இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"விண்ணப்பத்தோடு நீங்கள் அனுப்பிய ஆய்வை இரண்டு முறை படித்தேன். ஏழு வருஷத்தில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த தீக்காயங்களில் நாற்பத்தொன்று மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து ஏற்பட்டவை என்கிறீர்கள். அதில் இருபத்தொன்பது பேர் ஆண்கள். அவர்களில் இருபத்திரண்டு பேருக்குக் காயம்பட்டது காலை பத்துக்கும் பகல் ஒன்றுக்கும் நடுவில். அந்த நேரத்தில் உங்கள் ஊர் ஆண்கள் இத்தனை பேர் சமைப்பார்களா?"

மாரிக்கண்ணன்தான் முதலில் சிரித்தார்.

"நான் வெந்நிகூட வச்சதில்லையே."

"வெந்நியா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டுப் பாருங்க, சொல்றாகளான்னு" என்றாள் வள்ளித்தாய்.

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கிலிமுத்துவின் மீசைகூட அசைந்தது. ஆனால் சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது. ஸ்டவ் என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் யார் வீட்டிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ் கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் உண்டு.

"மிச்சத்தையும் படி" என்றாள் மாரிசெல்வி.

"இந்த ஆய்வில் நீங்கள் உறுதியாக நிற்கிறீர்களா இல்லையா என்பதைக் கையெழுத்திட்ட கடிதமாக, செவ்வாய்க்கிழமைக்குள் கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். அதைப் படித்த பிறகே உங்கள் சேர்க்கை முடிவாகும்."

சங்கிலிமுத்து ஹெல்மெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். "இதுல என்ன இருக்கு, மருமகளே? பதிவேட்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் எளுதுனேன்னு ஒரு வரி போடு. இல்லைன்னா அந்த ஊரையே விடு. கோயமுத்தூர்க்காரன் கேள்வியா கேக்கிறான்? வா வாங்கிறான். படிச்சு முடிச்சதும் ஏசி ரூம்ல உக்காரு."

"பதிவேட்டுல இருந்ததைத்தான் மாமா எளுதுனேன். அதுதான் தப்பு."

"பதிவேட்டைப் பாத்து எளுதுனது தப்பா?"

மாரிசெல்வி நோட்டைப் புரட்டினாள். பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, டூட்டி முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பெயர்களை விட்டுவிட்டு வயது, ஆணா பெண்ணா, நேரம், காயம்பட்ட இடம், காரணம் என்று நாற்பத்தொரு வரி எழுதியிருந்தாள். விரலை வைத்துக் கீழே வந்தாள். பதினேழில் நின்றாள்.

"வயசு நாப்பத்தி நாலு. ஆண். பகல் பதினொண்ணே கால். வலது கை. காரணம், ஸ்டவ்."

மாரிக்கண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"இது நீங்கதான் அப்பா. உங்க சீட்டுதான்னு தெரிஞ்சுதான் எளுதுனேன். எளுதிட்டுப் பதினெட்டாவது வரிக்குப் போயிட்டேன். கை நிக்கலை. மனசுல ஒண்ணும் தட்டலை. போதாததுக்குக் கட்டுரைக் கடைசியில, கிராமத்துல ஸ்டவ் பத்தி விழிப்புணர்வுக் கூட்டம் போடணும்னு ரெண்டு பக்கம் எளுதியிருக்கேன். அதைப் படிச்சுட்டுக் கோயமுத்தூர்ல பாராட்டுறாக. சென்னையில நல்ல ஆய்வுங்கிறாக. இந்த அம்மா ஒருத்திதான் கேட்டிருக்காக."

அவள் குரல் உடையவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அதற்கெல்லாம் போதுமான நேரம் இருந்தது; இன்று வேலை வேறு. டிவிக்குப் பக்கத்திலிருந்து நாலு வெள்ளைத் தாளை எடுத்துப் பாயில் பர்வீனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பதில் எளுதப்போறேன். உறுதியா நிக்கலைன்னு."

"சீட் போயிரும்டீ" என்றாள் பர்வீன்.

"போனா போகட்டும்."

பேனாவைத் திறந்தாள். முதலில் தமிழில் எழுதி, பிறகு இங்கிலீஷில் மாற்றுவது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னாள்.

"மதிப்பிற்குரிய அம்மா, என் ஆய்வில் ஸ்டவ் என்று இருக்கும் வரிகள் பெரும்பாலும் பட்டாசு வேலையில் ஏற்பட்ட காயங்கள் என்று நான் அறிவேன். வீட்டில் பட்டாசு வேலை செய்ய அனுமதி இல்லாததால், எங்கள் பகுதியில் காயம்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் ஸ்டவ் என்று சொல்வது வழக்கம். மற்றவர்கள் சீட்டைப் பற்றி அவர்களைக் கேட்காமல் நான் பேச முடியாது. ஒரு வரியைப் பற்றி மட்டும் அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். பதினேழாவது வரி என் தகப்பனார்." தகப்பனாரைப் பார்த்தாள். "சம்மதம்தானப்பா?"

"எளுது தாயி."

"அன்று ஆஸ்பத்திரியில் ஸ்டவ் என்று சொன்னவர் என் தாய்மாமன்..."

"ஏய், ஏய்!" சங்கிலிமுத்து எழுந்துவிட்டார். ஹெல்மெட் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "என்ன இது? என் பேரை எதுக்கு இழுக்கிற? நாளைக்கு ஒருத்தன் வந்து, நீ ஏன்யா பட்டாசு லோடை வீட்டுக்குக் குடுத்துவிட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நடந்ததைத்தானே மாமா எளுதுறேன்?"

"அந்த வரியை அடி" என்றது நிலைப்படியிலிருந்து ஒரு குரல்.

வள்ளித்தாய் எழுந்து முன்னறைக்குள் வந்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் ஒன்றும் இல்லை.

"நீயும் மாமாவுக்குப் பயப்படுறியாம்மா?"

"பயமில்லை. அது பொய்யி. பொய்யைத் திருத்தத்தானே எளுதுற? அதுலயும் பொய்யை எளுதாதே. ஸ்டவ்வுன்னு சொன்னது நான்."

மாரிசெல்வியின் பேனா நின்றது.

"ஏத்தா வள்ளி, இப்ப எதுக்கு அது?" என்றார் சங்கிலிமுத்து. குரலில் அதட்டல் போய்விட்டிருந்தது.

"இப்பத்தான் அண்ணே வேணும்." வள்ளித்தாய் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "தீவாளிக்குப் பன்னெண்டு நாள் இருந்துச்சு. ஆர்டர் முடியலைன்னு அண்ணன் மிச்ச வேலையை வீட்டுக்குக் குடுத்துவிட்டுச்சு. வேண்டாம்னு நான் சொல்லலை. பின்னால கொட்டாயில உக்காந்து வெடிமருந்து அடைச்சது நான். உங்கப்பா தட்டை நகத்துனாக, உரசிப் பத்திக்கிருச்சு. அம்புட்டுத்தான். ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, எனக்கு முன்னால நின்ன பொம்பளை ஸ்டவ்வுங்கிறா. அவளுக்கு முன்னால நின்னவளும் அதைத்தான் சொல்லியிருப்பா. சீட்டு எளுதுற ஆளு நிமிந்துகூடப் பாக்கலை. பேரு என்னன்னான், சொன்னேன். ஊரு என்னன்னான், சொன்னேன். எப்படின்னான். ஸ்டவ்வுன்னேன். ஊரைச் சொல்ற மாதிரி அதையும் சொல்லிட்டேன்."

"அப்ப மாமா?"

"அண்ணன் அன்னைக்கு அங்கன வரவே இல்லை. லாரி பிடிக்கச் சாத்தூருக்குப் போயிருந்துச்சு. மறுநா நீ ஹாஸ்டல்லருந்து வந்தப்ப வாசல்ல நின்னுச்சு. ஸ்டவ்வுன்னு சொல்லியாச்சு, நீயும் அப்படியே சொல்லுன்னு உங்கிட்டச் சொன்னது மட்டும்தான் அண்ணன்."

ஆறு வருஷம். ஆறு வருஷமாக இந்த வீட்டுக்கு மாமா வரும்போதெல்லாம் மாரிசெல்வி காபி போட்டுக் கொடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். போன பொங்கலுக்கு அவர் எடுத்துவந்த சுடிதாரை இன்னும் பிரிக்கவில்லை.

"ஏன் மாமா சொல்லலை?"

சங்கிலிமுத்து குனிந்து கட்டிலுக்கு அடியில் ஹெல்மெட்டைத் தேடினார். தேவைக்கு அதிகமாகவே தேடினார். "லோடு குடுத்தது நாந்தானே? என் மேல கோவமா இருந்தாத் தப்பில்லை. ஆத்தா மேல கோவப்பட்டா நீ படிச்சிருப்பியா?"

மாரிசெல்வி அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.

"என் பேரைப் போட்டு எளுது" என்றாள் வள்ளித்தாய். "வள்ளித்தாய், மாரிக்கண்ணன் சம்சாரம். மருந்து அடைச்சதும் நான், ஸ்டவ்வுன்னு சொன்னதும் நான். கீழே கையெழுத்துப் போடுறேன்."

"கம்பெனியில தெரிஞ்சா உன்னைப் பட்டாசு வேலையிலருந்து நிப்பாட்டிருவாக, புள்ளை" என்றார் மாரிக்கண்ணன்.

"நிப்பாட்டட்டும். தாயில்பட்டியில எனக்கு வேற வேலையே கிடையாதா? இவ ஆறு மாசம் நம்ம ஊர்லயே வந்து கேக்கப்போறா. வீடு வீடாப் போயி, எப்படிக் காயம்பட்டுச்சுன்னு கேப்பா. முதல் வீட்டுக்காரி முதல்ல சொல்லணுமா வேண்டாமா? நான் மூடிக்கிட்டு இருந்தா, இவளுக்கு ராக்காயி சொல்லுவாளா, பஞ்சம்மா சொல்லுவாளா?"

மாரிசெல்வி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எந்த ஊருக்குப் படிக்கப் போவது என்று அவள் இன்னும் யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. அம்மா முடிவு செய்து, அடுத்த வருஷத்து வேலையையும் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

சங்கிலிமுத்து வாசல்வரை போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என் பேரு வேண்டாம், மருமகளே. எனக்கு இன்னும் ரெண்டு பொம்பளைப் புள்ளைக இருக்கு. ஆனா நாளைக்கு எவனாச்சும் நேர்ல வந்து கேட்டான்னா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அம்புட்டுத்தான் என்னால முடியும்."

"அம்புட்டே போதும் மாமா."

பைக் கிளம்பிப் போன சத்தம் தெருமுனைவரை கேட்டது. மாரிசெல்வி எழுதினாள்: "வேலை கொடுத்தவர் பெயரை அவர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை."

பிறகு அம்மா சொல்லச் சொல்லத் தனித்தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். வள்ளித்தாய் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவள். கடைசி ய்க்குப் புள்ளி வைத்துவிட்டு, காய்கிறதா என்று ஊதிப் பார்த்தாள். மாரிக்கண்ணன் இடது கையால் போட்டார். எழுத்து கோணியிருந்தது, ஆறு வருஷத்துப் பழக்கத்தில் வேகமாகத்தான் வந்தது.

"பர்வீன், இப்ப சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் வரலைன்னு ஒரு மெயில் அடி."

"அதுக்கு எதுக்கு இப்ப? இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. சென்னையை உறுதி பண்ணி வையி. இதையும் அனுப்பு. இவங்க வேண்டாம்னா அங்க போ. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"சென்னைக்காரக சீட்டுக் குடுத்தது எதுக்கு? அந்த ஸ்டவ் கட்டுரைக்கு. இங்கன தப்புன்னு எளுதிட்டு அங்கன அதையே வச்சு எப்படிடீ உள்ள போறது? என் ஆய்வு தப்பு, திரும்ப வாங்கிக்கிறேன், சீட்டை அடுத்த ஆளுக்குக் குடுங்கன்னு அடி."

பர்வீன் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு அடித்தாள். இரண்டு மெயில். அனுப்புவதற்கு முன்னால் திருப்பிக் காட்டினாள். மாரிசெல்வி ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாள்; "மன்னிக்கவும்" என்பதை மேலே கொண்டுபோகச் சொன்னாள். பதினொன்றே முக்காலுக்கு இரண்டும் போயின.

இப்போது அவள் கையில் எந்த ஊரும் இல்லை.

சாத்தூர் பஸ்ஸில் மூன்று பெண்களும் ஏறினார்கள். "நான் வராம எப்படி? என் கையெழுத்தும் போகுதுல்ல" என்று வள்ளித்தாய் புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். ஜன்னலோரம் பர்வீன். வெம்பக்கோட்டை விலக்கு தாண்டியும் அவள் பேசாததை மாரிசெல்வி கவனித்தாள்.

"என்னடீ?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைங்கிற மூஞ்சியா இது?"

பர்வீன் வெளியே பார்த்தபடி சொன்னாள். "நீ வர்றதுனாலதான் அத்தா என்னைச் சென்னைக்கு விடுறேன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே ரூம்னு கமிஷன் கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. தனியான்னா விடமாட்டாங்க."

மாரிசெல்வி அம்மாவைத் தாண்டி அவள் பக்கம் சாய்ந்தாள். "மெயில் அடிக்கிறதுக்கு முன்னால சொல்லக்கூடாதா, லூசு?"

"சொன்னா நீ அடிக்கச் சொல்லியிருக்க மாட்ட. அதான் சொல்லல." இப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "உன்னைத் துணைக்கு இழுத்துக்கிட்டு எத்தனை ஊருக்குப் போவேன் நான்? அத்தாகிட்ட நானே பேசுறேன். நீ வராத. நீ வந்தா நீதான் பேசுவ."

வள்ளித்தாய் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு வந்தாள். பையிலிருந்து கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து பர்வீன் கையில் ஒன்றைத் திணித்தாள். "தின்னுட்டுப் பேசு. வெறும் வயித்துல அப்பன்கிட்டப் பேசக்கூடாது, கோவம் முந்திக்கும்."

சாத்தூர் தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட் ஜன்னலில் நாலு பேர் நின்றார்கள். சுவரோரத்து மேஜையில் மாரிசெல்வி தாள்களை அடுக்கினாள். இங்கிலீஷ் கடிதம் இரண்டு பக்கம். அம்மாவின் வாக்குமூலம் தமிழில் ஒரு பக்கம், அதன் மொழிபெயர்ப்பு ஒரு பக்கம். திருத்திய பட்டியல் ஒரு பக்கம். அதில் பதினேழாவது வரியில் காரணம் என்ற இடத்தில் "பட்டாசு வேலை, வீட்டில்" என்றும், மற்ற நாற்பது வரிகளில் "தெரியவில்லை, கேட்க வேண்டும்" என்றும் இருந்தது.

பர்வீனின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் அத்தா. மாரிசெல்வியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நேராகத்தான் நின்றிருந்தாள். என்ன பேசினாள் என்பது கேட்கவில்லை.

"அடுத்தது யாரும்மா?"

மாரிசெல்வி உறையின் வாயில் பசை தடவி மடித்து, உள்ளங்கையால் அழுத்தினாள். பத்தாதென்று வள்ளித்தாயும் தன் கையை மேலே வைத்து அழுத்தினாள். இரண்டு பேரும் அப்படியே பத்து எண்ணும் நேரம் நின்றார்கள்.

ஜன்னலுக்குள் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார். "திருவனந்தபுரமா? திங்கள் போயிரும். மிஞ்சிப்போனா செவ்வாய்க் காலையில. பெறுநர் சரியா இருக்கு. அனுப்புநர் எங்கம்மா? பேரே எளுதலையே."

மாரிசெல்வி பேனாவை எடுத்தாள். வள்ளித்தாய் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஏன் சார், அனுப்புறது ரெண்டு பேருன்னா ரெண்டு பேரு பேரையும் போடலாங்களா?"

"தாராளமாப் போடுங்க. திரும்பி வந்தா யார்கிட்டக் குடுக்கன்னு தெரியணும், அதுக்குத்தான்."

"திரும்பி வராது. போடு செல்வி. வள்ளித்தாய்னு தெளிவாப் போடு."

மாரிசெல்வி தெளிவாகவே போட்டாள். அவர் உறையை வாங்கினார், சீட்டு ஒட்டினார், முத்திரையை ஓங்கிக் குத்தினார், பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்குப் பைக்குள் திரும்பிப் பாராமலே எறிந்தார். அது உள்ளே விழுந்தது.